கித்தானுக்குப் பொத்தான் வைத்தல்



நம் பெங்களூரில் ஏப்ரல், மே மாதங்களில் இடியும் சூறைக்காற்றும் சேர்ந்து வரும் மழைக்கும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் விடாது பெய்யும் மழைக்கும் இடையே வாழ்கின்ற நமக்குக் கித்தான் துணியோடு ஏதேனும் ஓர் உறவு ஏற்பட்டே தீருகிறது. பிள்ளையைச் சாரணர் முகாமுக்கு அனுப்புகிறவர் கூடாரம் தேடுகிறார். மாடி வீட்டில் குடியிருப்பவர் தாழ்வாரத்துச் சாரலைத் தடுக்கத் திரை கட்டுகிறார். கட்டட வேலைக்காக ஊரை விட்டு வந்த நம்மவர் பலர், வேலை நடக்கும் இடத்திலேயே தார்ப்பாய்க் குடிலில் குடும்பத்தோடு காலம் கழிக்கின்றனர். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான துன்பம் ஒன்று உண்டு. துணி நன்றாக இருக்கும். அதை மூடவும் கட்டவும் உதவுகிற பகுதிதான் முதலில் கெட்டுப்போகும். ஜிப் பல்லிளிக்கும், வளையம் பிய்ந்து வரும், கயிறு கட்டிய மூலை கிழியும்.

தையற்கடைக்கு எடுத்துச் சென்றால், “ஊசி ஒடிந்துவிடும், ஐயா” என்று திருப்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. சட்டையும் ரவிக்கையும் தைப்பதற்கென்று அமைந்த இயந்திரம், நான்கு மடிப்புக் கித்தானைத் துளைக்க இயலாமல் திணறும். ஆனால் இதற்காகத் துணியைத் தூக்கி எறிய வேண்டியதும் இல்லை. புதிய கூடாரம் வாங்க வேண்டியதும் இல்லை. கோணி ஊசி, செருப்புத் தைப்பவர் வைத்திருக்கும் குத்தூசி, சுத்தியல், குறடு, ஒரு கட்டித் தேன்மெழுகு ஆகிய இவ்வளவும் இருந்தால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அதனை இத்திங்கள் விளக்க முற்படுகிறேன்.

மூன்று கேள்விகள்

எந்தப் பொருத்தியை வைப்பதற்கு முன்பும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இது தாங்க வேண்டியதா? மூட வேண்டியதா? அவசரத்தில் திறக்க வேண்டியதா?

காற்றின் இழுப்பைத் தாங்குவது ஒரு வேலை. இரண்டு ஓரங்களைச் சேர்த்துச் சாரலை மறைப்பது மற்றொரு வேலை. முதல் வேலைக்கு வளையமும் கயிறும் உரியவை. இரண்டாவது வேலைக்கு அழுத்துப் பொத்தானும் வெல்க்ரோ என்னும் ஒட்டுப்பட்டையும் போதும். மூடுவதற்கு வைத்த பொத்தானைக் காற்றைத் தாங்கச் சொல்வதனால்தான் பெரும்பாலான கிழிசல்கள் உண்டாகின்றன. மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. அதைப் பற்றிக் கடைசியில் கூறுகிறேன். ஆனால் மூன்றனுள் முதன்மையானது அதுவே.

துணியை அறிதல்

பருத்திக் கித்தான் நனைந்தால் நூல் உப்பி, இழைகளுக்கு இடையிலுள்ள நுண்துளைகள் அடைபடும். மழை உள்ளே இறங்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நனையும்போது துணி சுருங்கவும் செய்யும். ஆகவே புதிய கித்தானில் பொத்தான் வைக்கும் முன்னர், அதனை ஒருமுறை நன்றாக நனைத்து, விரித்துக் கட்டிக் காய வைத்துவிட வேண்டும். அவ்வாறு செய்யாவிடில், இன்று எதிரெதிரே சரியாக அமைந்த வளையங்கள், முதல் மழைக்குப் பிறகு ஒன்றையொன்று சந்திக்க மாட்டா.

பிளாஸ்டிக் தார்ப்பாய் வேறு இனம். அது உப்பாது, சுருங்காது. ஆனால் ஓரிடத்தில் ஊசி குத்தினால் அந்தத் துளையிலிருந்தே கிழிசல் ஓடும். அதில் எந்தப் பசையும் உறுதியாகப் பற்றாது. எனவே பருத்திக்குச் சொல்லும் முறைகளை அப்படியே அதற்குச் செய்யலாகாது. அதற்கு உரிய முறையைப் பின்னர் காண்போம்.

இரண்டிற்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. ஒற்றைத் துணியில் எதையும் பொருத்தாதீர்கள். ஓரத்தை இரண்டு மடிப்பாக மடித்து, அதன் உட்புறம் ஓர் உள்ளங்கை அளவு ஒட்டுத் துணி வைத்த பின்னரே துளையிட வேண்டும். ஒட்டுத் துணியின் மூலைகளை வட்டமாக வெட்டிக்கொண்டால், கூர்மூலையில் இழுப்புக் குவிந்து பிரிவது நேராது. இழுப்பு ஒரு புள்ளியில் விழாமல் பரந்த இடத்தில் பகிரப்பட வேண்டும் என்பதே இதன் கருத்து. ஒருவர் தலையில் ஏற்றும் சுமையை நால்வர் தோளில் வைப்பது போன்றது இது.

வளையம் அடித்தல்

ஐலெட் எனக் கடைகளில் விற்கும் பித்தளை வளையம் இரண்டு துண்டுகளால் ஆனது. ஒன்றுக்குக் குழல் போன்ற கழுத்து இருக்கும். மற்றது தட்டையான வட்டு. இவற்றோடு ஓர் அடிக்கட்டையும் ஒரு குத்துக்கோலும் சேர்ந்த சிறு கருவித் தொகுதியை இரும்புச் சாமான் கடைகளில் கேட்டு வாங்கலாம். எஸ்.பி. சாலைப் பக்கம் போகிறவர்களுக்கு அங்குள்ள கடைகளில் கிடைக்கும். இரும்பு வளையம் விலை மலிவு எனினும் வேண்டாம். துரு பருத்தியை அரித்துவிடும். கறை படிந்த இடம் சில பருவங்களில் இற்றுப்போகும்.

துளையைக் குழலின் அளவைவிடச் சற்றுச் சிறிதாக வெட்டுங்கள். குழல் இறுக்கமாக நுழைய வேண்டும். தொளதொளவென்று நுழைந்தால் அந்த வளையம் நிலைக்காது. துளை, ஓரத்திலிருந்து ஓர் அங்குலமாவது உள்ளே தள்ளி இருத்தல் நலம். கழுத்துள்ள துண்டைத் துணியின் வெளிப்புறத்திலிருந்து நுழைத்து, அடிக்கட்டையின் மீது கவிழ்த்து வைத்து, உட்புறம் வட்டை மாட்டி, குத்துக்கோலைச் செங்குத்தாகப் பிடித்து நிதானமாக மூன்று, நான்கு அடி அடியுங்கள். ஒரே ஓங்கலில் அடித்தால் குழலின் விளிம்பு பிளந்து, கயிற்றை அறுக்கும் கத்தியாகிவிடும். அடிப்பதற்கு உறுதியான மரக்கட்டை வேண்டும். வீட்டின் ஓட்டுத் தரையில் வைத்து அடித்து வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்கிக்கொள்ள வேண்டாம். முடிந்தபின் விரலால் வளையத்தைத் திருகிப் பாருங்கள். சுழன்றால் இன்னும் இறுகவில்லை என்று பொருள்.

கருவி இல்லாதவர்களும் கவலையுற வேண்டியதில்லை. ஒரு பித்தளை வளையத்தைத் துளையின் மேல் வைத்து, மெழுகு பூசிய தடித்த நூலால் சுற்றிலும் காஜா எடுப்பதுபோல் நெருக்கமாகத் தைத்துவிடலாம். பாய்மரம் தைப்பவர்கள் நெடுங்காலமாகக் கையாண்ட முறை இது. உழைப்பு அதிகம், எனினும் துணியைக் கவ்விக்கொண்டிருக்கும் வலிமையில் அடித்த வளையத்திற்கு இது தாழ்ந்ததன்று.

துளையில்லாக் கட்டு

இனி, பிளாஸ்டிக் தார்ப்பாய்க்கு வருவோம். வளையம் பிய்ந்த மூலையில் நெல்லிக்காய் அளவுள்ள வழுவழுப்பான கூழாங்கல் ஒன்றைத் துணியின் உட்புறம் வைத்து, வெளிப்புறமிருந்து துணியோடு சேர்த்துப் பிடித்து, அதன் கழுத்தில் கயிற்றால் சுருக்கு முடிச்சு இடுங்கள். இழுக்க இழுக்க முடிச்சு இறுகும். கல் வெளியே வாராது. ஊசியும் இல்லை, துளையும் இல்லை, செலவும் இல்லை. மழை இரவில் வளையம் பிய்ந்துவிட்டால் இருட்டிலேயே செய்து முடிக்கக்கூடிய வேலை இது. தார்ப்பாயின் கீழே உறங்கும் குழந்தைகள் நனையாதிருக்க, இந்த ஒரு முறையையாவது வீட்டிலுள்ள பெரியவர்கள் அனைவரும் கற்று வைத்திருப்பது நன்று. கூர்மையான சல்லியை மட்டும் பயன்படுத்தாதீர்கள். அது துணியை உள்ளிருந்தே அறுத்துவிடும்.

கண்ணிக் கோவை

கூடாரத்தின் வாயிலை மூடுவதற்கு ஜிப்பும் பொத்தானும் இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? நம் இரயில்வேத் துறையிலிருந்தே ஒருவரை இங்கே நினைவுகூரலாம். திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய இரயில்வேயில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட் அவர்கள், 1905-ஆம் ஆண்டு டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கி, வேலையை விட்டு, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துச் சலனப்படம் காட்டினார். பின்னர் 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கைக் கட்டினார். அவர் வழியில் வந்த ‘டென்ட் கொட்டகை’யை அறியாத தமிழ்ப் பெரியவர்கள் அரியர். ஓர் ஊரில் பிரித்து மற்றோர் ஊரில் சேர்க்க வேண்டிய பெருங்கூடாரங்களுக்குத் தையல் உதவாது; சேர்க்கவும் பிரிக்கவும் எளிதான கட்டு வேண்டும். உலகெங்கும் பெருங்கூடாரக்காரர்கள் கையாண்ட அத்தகைய கட்டு ஒன்று நம் சிறு கூடாரத்துக்கும் பொருந்தும்.

ஓர் ஓரத்தில் அரை அடிக்கு ஒன்றாக வளையங்கள். எதிர் ஓரத்தில் அதே இடைவெளியில் கயிற்றுக் கண்ணிகள். ஒவ்வொரு கண்ணியும் அடுத்த வளையத்தை எட்டிச் சற்று மிஞ்சும் நீளம் இருக்க வேண்டும். மேலிருந்து தொடங்குங்கள். முதல் கண்ணியை முதல் வளையத்தின் வழியாக வெளியே இழுத்துக் கீழே தொங்கவிடுங்கள். இரண்டாவது கண்ணியை இரண்டாவது வளையத்தின் வழியாக இழுத்து, முதல் கண்ணியின் நுனிக்குள்ளும் நுழைத்துவிடுங்கள். இவ்வாறே ஒன்றை ஒன்று பூட்டிக்கொண்டு கீழே வரும். கடைசிக் கண்ணியை மட்டும் ஓர் இழுப்பில் அவிழும் முடிச்சால் கட்டினால் போதும். அதை அவிழ்த்தால், பின்னல் பிரிவதுபோல் அனைத்தும் கீழிருந்து மேலாகத் தாமே கழன்றுவிடும். முடிச்சை உள்ளிருந்தும் கை எட்டும் இடத்தில் அமைத்துக்கொள்ள வேண்டும். இக்கட்டு இழுப்பையும் தாங்கும், வாயிலையும் மூடும். காற்று மிகுந்த இடத்திற்கு இதனினும் சிறந்தது எனக்குத் தெரிந்து இல்லை.

அழுத்துப் பொத்தான்

டிச் பட்டன், பிரஸ் பட்டன் என்று பலவாறாக நாம் வழங்கும் உலோகப் பொத்தான், ஜெர்மனியைச் சேர்ந்த ஹெரிபர்ட் பாவர் என்பவர் 1885-இல் காப்புரிமை பெற்ற பொருள். ஆண்களின் காற்சட்டைக்கென்று பிறந்தது. இது நான்கு உறுப்புகளைக் கொண்டது. ஓர் ஓரத்துக்கு இரண்டு, எதிர் ஓரத்துக்கு இரண்டு. துணியைக் கவ்வும் உறுப்பின் தண்டு, நம் மடிப்பின் தடிப்புக்கு ஏற்ற நீளமுடையதா என்று பார்த்தே வாங்க வேண்டும். சட்டைக்கு உரிய குட்டைத் தண்டு கித்தானில் நில்லாது.

பொத்தானின் பின்னே ஒரு ரூபாய் நாணய அளவு தோல் துண்டு ஒன்றை வைத்து அடித்தால் பல ஆண்டுகள் உழைக்கும். திறக்கும்போது துணியைப் பற்றி இழுக்காமல், பொத்தானின் அருகிலேயே விரலை வைத்து நெம்புங்கள். வாயில் மடிப்பு, சாளரத் திரை ஆகியவற்றிற்கு இது போதும். காற்று நேராக மோதும் பக்கத்திற்கு இதை நம்ப வேண்டாம்.

ஒட்டுப்பட்டை

வயற்புறத்தில் நடந்தவர்களின் வேட்டியில் நாயுருவியும் மருளூமத்தங்காயும் ஒட்டிக்கொண்டு வருவதை ஊரில் கண்டிருப்பீர்கள். சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஜார்ஜ் த மெஸ்ட்ரால், அத்தகைய காய்கள் தம் நாயின் மயிரில் ஒட்டியிருப்பதை 1941-இல் கண்டு, உருப்பெருக்கியில் ஆராய்ந்தபோது, நுனியில் சிறு கொக்கிகள் இருப்பதை அறிந்தார். அதிலிருந்து பிறந்ததே வெல்க்ரோ. ஒரு பட்டையில் கொக்கிகள். மற்றதில் மென்மையான கண்ணிகள்.

இதன் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும். இரண்டு பட்டைகளையும் நீளவாக்கில் எதிரெதிரே இழுத்தால் எளிதில் விடாது. ஒரு மூலையைப் பற்றி உரித்தால் சிறு குழந்தையும் பிரித்துவிடும். ஆகவே காற்று பட்டையை உரிக்காமல் பக்கவாட்டில் இழுக்கும்படி, ஒரு மடிப்பு மற்றதன்மேல் நன்றாகக் கவிந்து வருமாறு அமைக்க வேண்டும்.

பின்புறம் பசையோடு வரும் பட்டை வேலையைச் சுலபமாக்கும் என்று எண்ணி வாங்குவோர் பலர். கித்தானின் சொரசொரப்பிலும் அதன் மெழுகுப் பூச்சிலும் அந்தப் பசை ஒழுங்காகப் பற்றாது. வெயில் ஏறினால் இளகிவிடும். தைக்கப் புகுந்தாலோ ஊசியெல்லாம் பிசுக்காகும். பசையில்லாப் பட்டையை வாங்கித் தையுங்கள். பட்டையின் இரு ஓரங்களிலும் கொக்கியில்லாத சிறு கரை இருக்கும். தையல் அதில் செல்ல வேண்டும்.

முதலில் குத்தூசியால் துளைகளை இட்டுக்கொண்டு, மெழுகு தடவிய ஒரே நூலின் இரு முனைகளிலும் இரண்டு ஊசிகளைக் கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரு புறமிருந்தும் எதிரெதிராகச் செலுத்துங்கள். செருப்புத் தைக்கும் தொழிலாளர் செய்வதைச் சிறிது நேரம் நின்று கவனித்தால் இது விளங்கிவிடும். அவர்கள் பொறுமையாகக் கற்றும் தருவார்கள். விரலுக்கு அங்குஸ்தான் மாட்டிக்கொள்ளுங்கள். ஊசியைக் குறடால் இழுங்கள். அங்குலத்திற்கு நான்கு, ஐந்து தையல் போதும். நெருக்கித் தைத்தால் பலம் என்று நினைப்பது தவறு. தபால்தலையைச் சுற்றியுள்ள துளைகள்போல் ஆகி, துணி அந்தக் கோட்டிலேயே கிழியும். பட்டையின் இரு முனைகளிலும் ஒரு சதுரமும் அதனுள் ஒரு பெருக்கல் குறியும் தைத்துவிட்டால், உரிதல் தொடங்கும் இடம் காக்கப்படும்.

கூடாரத்தைச் சுருட்டும்போது பட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டியே வையுங்கள். கொக்கிகளில் நூலும் புல்லும் சிக்கிக்கொண்டால் பிடிப்புப் போய்விடும்.

தையல் முடிந்தபின்

ஊசி போன வழியே நூல் போவதுபோல், நூல் போன வழியே நீரும் போகும். தைத்த கோடு முழுவதும் தேன்மெழுகுக் கட்டியை இருபுறமும் அழுத்தித் தேய்த்து, வெயிலில் சிறிது நேரம் வைத்தால் மெழுகு இளகித் துளைகளை அடைக்கும். பிறகு வாளி நீரை மேலிருந்து ஊற்றிச் சோதியுங்கள். முகாமுக்குப் போனபின் மழை சோதிப்பதைவிட, வீட்டு மாடியில் நாமே சோதிப்பது மேல். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். நன்றாகக் காய்ந்த பின்னரே பரண்மேல் ஏற்ற வேண்டும்.

மூன்றாவது கேள்வி

நீர் புகாதிருக்க வேண்டும் என்ற ஆவலில் சிலர் மெழுகைப் பெட்ரோலில் கரைத்துத் துணி முழுவதும் பூசுவதுண்டு. இதை ஒருபோதும் செய்யாதீர்கள். அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரில் 1944 ஜூலை 6-ஆம் நாள் தீப்பற்றிய சர்க்கஸ் கூடாரத்திற்கு அத்தகைய பூச்சே பூசப்பட்டிருந்தது. 160-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வளவு தொலைவு போவானேன்? நம் பெங்களூரிலேயே 1981 பிப்ரவரி 7-ஆம் நாள் வீனஸ் சர்க்கஸின் கூடாரம் பற்றி எரிந்து, சில நிமிடங்களில் பார்வையாளர் மேலேயே விழுந்தது. 90-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் மிகப் பலர் குழந்தைகள். அந்த நாளை நினைவில் வைத்திருக்கும் முதியோர் நம் குடும்பங்களிலும் இருக்கக்கூடும்.

சர்க்கஸ் கூடாரம் வேறு, நான்கு பேர் படுக்கும் கூடாரம் வேறு என்பது உண்மையே. ஆயினும் துணி துணிதான், தீ தீதான். ஆகவே வாயிலை மூட நாம் வைக்கும் எந்தக் கட்டும் உள்ளிருந்தே, இருட்டிலேயே, ஒரே இழுப்பில் திறக்கக்கூடியதாய் இருக்க வேண்டும். வெளியே மட்டும் முடிச்சுப் போடும் வாயிலுக்குள் குழந்தைகளைப் படுக்க வைக்கலாகாது. வேலை முடிந்ததும் வீட்டிலுள்ள மிகச் சிறிய பிள்ளையை உள்ளே அனுப்பி, கண்ணை மூடிக்கொண்டு திறந்து வரச் சொல்லுங்கள். அந்தக் குழந்தையால் முடிந்தால்தான் நம் வேலை தேறியது.

இன்னொன்று. நன்றாக மூடக் கற்றுக்கொண்டபின் முழுவதும் மூடிவிடாதீர்கள். மேலே ஒரு கையளவும் கீழே ஒரு கையளவும் காற்று வழி இருக்கட்டும். குளிருக்கு அஞ்சி, மூடிய கூடாரத்திலோ குடிலிலோ கரி அடுப்பு, மண்ணெண்ணெய் அடுப்பு முதலியவற்றை வைத்துக்கொண்டு உறங்குதல் கூடாது. அவற்றிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் நம் ஊர்க் குளிர் கடுமையாகும்போது, கட்டட வேலைத் தலங்களில் குடும்பத்தோடு தங்கியிருக்கும் நம் உறவினர்களுக்கு இதை நேரில் சென்று சொல்லுங்கள். கூழாங்கல் கட்டையும் அப்போதே செய்து காட்டிவிட்டு வாருங்கள். அரை மணி நேரத்திற்கு மேல் ஆகாது.

தாங்குவதற்கு வளையமும் கண்ணியும். மூடுவதற்குப் பொத்தானும் பட்டையும். திறப்பதற்கு ஓர் இழுப்பு. இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஊசியை எடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் போதும். அடுத்த மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது.